வெட்டச் சொன்ன வரி

போன கிழமை மகளின் பாடசாலை அனுமதிக்காகப் பிறப்புச் சான்றிதழைப் பிரதி எடுக்கச் செங்கலடிச் சந்திக்குப் போயிருந்தேன். அங்கே புதிதாக ஒரு போட்டோகொப்பிக் கடை வந்திருக்கிறது. கண்ணாடிக் கதவு, குளிரூட்டி எல்லாம் போட்டிருக்கிறார்கள். நீ பார்த்திருந்தால் வாசலிலேயே நின்று நக்கலடித்திருப்பாய். கடைப் பெண் இயந்திரத்திலிருந்து தாளை எடுத்து என் கையில் தந்தாள். சுடச்சுட இருந்தது. மையும் சூடும் கலந்த அந்த மணம் வந்ததும் தாளை மூக்கோடு வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிரதியை மட்டும் எடுத்துக்கொண்டு, மூலச் சான்றிதழை இயந்திரத்துக்குள்ளேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் போய்த்தான் வாங்கினேன்.

நீ போய் ஒன்றேகால் வருடம் ஆகிறது. இவ்வளவு நாளும் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. பிள்ளை, வேலை, மழை என்று சாட்டுகளுக்குக் குறைவில்லை. உண்மைக் காரணம் உனக்குத் தெரியும். அந்தச் சூட்டைக் கையில் வாங்கிய பிறகு சாட்டுச் சொல்ல வாய் வரவில்லை. முந்தாநாள் நான் ஓரிடத்துக்குப் போய் வந்தேன். அதைச் சொல்லத்தான் இந்த மடல். ஆனால் நடந்ததை நடந்த ஒழுங்கில் சொல்லாவிட்டால் நான் மறுபடியும் நழுவிவிடுவேன். அதனால் ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன்.

ஏறாவூரில் உன் வீட்டு முன்னறையில்தான் அந்தப் பழைய இயந்திரம் இருந்தது. சவூதியில் பதினொரு வருடம் வீட்டுவேலை செய்துவிட்டு வந்த பெண், நகை எடுக்காமல் போட்டோகொப்பி இயந்திரம் எடுத்திருக்கிறாளே என்று ஊரே சிரித்ததாம். நீதான் சொல்லிச் சிரித்தாய். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பிரதி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள், மிச்சத் தாளில் ஊர்ச் செய்தியை எழுதி ஒட்டத் தொடங்கினாய். ஊடக டிப்ளோமாச் சான்றிதழைப் பிரதி எடுக்க வந்த நான் உன் கையெழுத்தைப் பார்த்து, இதைக் கணினியில் அடித்துத் தரட்டுமா என்று கேட்டேன். இருவருக்கும் ஒரே வயது. நீ எட்டாம் வகுப்போடு நின்றவள், நான் படித்தவள். அந்தத் தலைக்கனம் எனக்கு இருந்தது. உனக்கு அது தெரிந்தும் இருந்தது.

நம் தாளுக்கு ஒரு பெயர் வைக்கவேண்டுமென்று நான் எத்தனை தடவை நச்சரித்திருப்பேன். “தாளுக்கு என்னத்துக்குகா பேர்? தாள் எண்டா தாள்தான்” என்று முடித்துவிட்டாய். ஊரும் அப்படித்தான் சொன்னது. வியாழக்கிழமை பின்னேரமானால் தேநீர்க் கடையில் தாள் வந்துவிட்டதா என்று கேட்பார்கள். ஒரே ஒரு தாள், இரண்டு பக்கம். தேநீர்க் கடை, நெல் ஆலை, தோணித்துறை, ஆஸ்பத்திரி மதில் எல்லா இடத்துக்கும் அது போகும். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு நீயே உன் கரகரத்த குரலில் வாசித்து வட்ஸ்அப்பில் அனுப்புவாய். எந்தப் பக்கம் யானை இறங்கியிருக்கிறது, கிளினிக்குக்கு டொக்டர் ஏன் மூன்று கிழமையாக வரவில்லை, வாய்க்காலில் எப்போது தண்ணீர் விடுவார்கள், யாருடைய ஆடு காணாமற்போனது என்பதெல்லாம்தான் நமது செய்தி. கொழும்புத் தொலைக்காட்சிகளுக்கு நாங்கள் வெள்ளம் வந்தால் உண்டு, தேர்தல் வந்தால் உண்டு, மற்ற நாட்களில் கிடையாது. மற்ற நாட்களுக்குத்தான் தாள் என்று நீ சொல்லுவாய்.

நீ வைத்த வழக்கம் ஒன்றுதான் எனக்குப் பிடிக்காமலிருந்தது. ஒருவரைப் பற்றி எழுதினால், தாள் போவதற்கு முன்னால் அவரிடம் போய் அதை வாசித்துக் காட்டவேண்டும். அவர் தான் சொன்னதில் எதையாவது வேண்டாம் என்றால் வெட்டவேண்டும். வெயிலில் சைக்கிளில் போய் வீடு வீடாக வாசித்துக் காட்டுவதற்குள் எனக்கு உயிர் போய்விடும். உலகத்தில் எந்தப் பத்திரிகையும் இப்படிச் செய்வதில்லை என்று பாடம் எடுத்தேன். நீ கேட்டுவிட்டு, சவூதிக்குப் போகிற அன்று ஏஜென்சியில் நீ கையெழுத்து வைத்த தாளைப் பற்றிச் சொன்னாய். அதில் என்ன இருக்கிறது என்று உனக்கு ஒருவரும் சொல்லவில்லை. இரண்டு வருடம் என்று நினைத்துப் போட்ட கையெழுத்து நான்கு வருடத்துக்கு இருந்தது.

“எனக்கு ஒருத்தரும் வாசிச்சுக் காட்டல்லகா” என்றாய். “மறுகா நான் எப்படி வாசிக்காம விடுற?”

ஆனால் நீ ஏமாளி இல்லை. பதவியில் இருப்பவருக்கு வாசித்துக் காட்டலாம், வெட்ட விடக்கூடாது, அவருடைய பதிலைக் கீழே போடவேண்டும் என்பது உன் சட்டம். ஒரு சங்கத் தலைவர் அடம்பிடித்துத் தன் பதிலையே வெட்டி வெட்டி, கடைசியில் திகதியை மட்டும் மிச்சம் வைத்தார். நீ ஒரு வெற்றுப் பெட்டி போட்டு, உள்ளே திகதியை எழுதி, தலைவர் சொல்லச் சம்மதித்தது இவ்வளவுதான் என்று அடியில் போட்டாய். அந்தக் கிழமை தாள் கேட்டு வந்தவர்களுக்குப் போதாமல் இரண்டு தடவை அடிக்கவேண்டி வந்தது. நாங்கள் இருவரும் முன்னறைத் தரையில் விழுந்து விழுந்து சிரித்தோம்.

இன்னொன்றும் சொல்லுவாய். “கொழும்பு ஆள் செய்தியை எடுத்துக்கிட்டுப் போயிருவான். நாம நாளைக்கும் இவங்கக்கிட்டத்தான் மீன் வாங்கணும்.” இதை நீ சொல்லும்போதெல்லாம் நான் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கொழும்பில் ஒரு தனியார் தொலைக்காட்சியின் செய்தி ஆசிரியரோடு எனக்குத் தொடர்பு இருந்தது. சும்மா படம் அனுப்பிக்கொண்டிருந்தேன். மாவட்டச் செய்தியாளர் இடம் ஒன்று காலியாகப் போகிறதென்று அவர் சொல்லியிருந்தார். சூடாக ஏதாவது இருந்தால் அனுப்புங்கள் தங்கச்சி என்று அடிக்கடி குறுஞ்செய்தி வரும். நமது ஆடும் வாய்க்காலும் அவருக்குச் சூடு இல்லை. உன்னிடம் இதை நான் சொல்லவே இல்லை.

பிறகு அந்த மார்கழி வந்தது. மழை விடாமல் பெய்து வயலெல்லாம் முங்கிக்கொண்டிருந்தது. வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் மணல் அடைத்திருந்தது. அதை உடனே வெட்டித் தண்ணீரை இறக்கவேண்டும் என்று வட்டை வயல்வெளியில் நெல் செய்கிறவர்கள் கேட்டார்கள். ஒரேயடியாகத் தண்ணீர் இறங்கினால் இறாலும் மீனும் கடலுக்குப் போய்விடும், இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்று தோணிக்காரர்கள் கேட்டார்கள். ஒவ்வொரு மாரியும் நடக்கிற வாக்குவாதம்தான். நீ இரண்டு பக்கத்தையும் பதிவு செய்யக் கிளம்பினாய். தோணித்துறையில் உனக்குக் கிடைத்தவர் சுபைதா ராத்தா. புருஷன் பிடிக்கிற இறாலைக் கூடையில் சுமந்து, இருபது வருடமாகச் செங்கலடிச் சந்தையில் விற்கிறவர். என் அம்மா அவரிடம்தான் வாங்குவா. வாய் கொஞ்சம் நீளம், மனதில் ஒன்றுமில்லை.

உன் கைபேசியில் அவர் கொட்டித் தீர்த்திருந்தார். வட்டைக்காரனுகளின் பேச்சைக் கேட்டு முகத்துவாரத்தை வெட்டினால், இனி அவர்களில் ஒருவனும் துறைப் பக்கம் வரக்கூடாது, வந்தால் காலை முறிப்போம் என்று ஒரு வரி அதில் இருந்தது. எழுதி எடுத்துக்கொண்டு நாம் இருவரும் அவர் வீட்டுக்குப் போய் வாசித்துக் காட்டினோம். அந்த வரி வந்ததும் அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“அல்லாவே, அத வெட்டுகா. என்ட கூடப் பொறந்தவனுக்கும் அவடத்த வயல் இரிக்கி. அவன்ட காலையா நான் முறிக்கிற?”

நீ அங்கேயே பேனையால் வெட்டினாய். கைபேசியில் இருந்த பதிவையும் அவர் கண்ணுக்கு முன்னால் அழித்தாய். ஆனால் தட்டச்சுக்காக அதன் ஒரு பிரதியை முதல்நாளே எனக்கு அனுப்பியிருந்தாய். அது என்னிடம் இருப்பது அவருக்குத் தெரியாது. அந்த நேரம் உனக்கும் அது நினைவுக்கு வரவில்லை. எனக்கு வந்தது. நான் பேசாமல் இருந்தேன்.

அடுத்த நாள் பின்னேரம், வீட்டுப் பின்புறம் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டே அதைக் கொழும்புக்கு அனுப்பினேன். ஒரு கையில் ஈரத் துணி, மறு கையில் கைபேசி. முழுப் பதிவையும்தான் அனுப்பினேன், வெட்டச் சொன்ன வரியை மட்டும் தனியாக அனுப்பவில்லை என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதில் அவர்கள் எதை எடுப்பார்கள் என்று டிப்ளோமா படித்த எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் அனுப்பினேன். திரையில் என் பெயர் வரவேண்டும் என்ற ஆசையில் அனுப்பினேன்.

மாலைச் செய்தியில் எட்டு விநாடி போனது. முஸ்லிம் மீனவர்கள் தமிழ் விவசாயிகளுக்கு எச்சரிக்கை என்று சிவப்பு எழுத்தில் ஓடியது. அந்தப் பதிவில் முஸ்லிம் என்றோ தமிழ் என்றோ ஒரு சொல்கூடக் கிடையாது. வட்டையில் இரண்டு பேரும்தான் வயல் செய்கிறார்கள், வாவியில் இரண்டு பேரும்தான் தோணி விடுகிறார்கள். அதைச் சொல்ல எட்டு விநாடி போதாது. என் பெயரும் வரவில்லை.

இரண்டு நாளில் அது கைபேசி கைபேசியாகப் போயிற்று. செங்கலடிச் சந்தையில் சுபைதா ராத்தாவின் கூடையை யாரும் தொடவில்லை. சிலர் அவரை எழும்பிப் போகச் சொன்னார்கள். என் அம்மா அன்று இறால் வாங்காமல் வந்தா. கேட்டதற்கு, அந்தப் பெண்ணிடம் இனி வாங்குவதாயில்லை என்றா. பொலிஸ் சுபைதா ராத்தாவைக் கூப்பிட்டு வாக்குமூலம் எடுத்தது. அவருடைய தம்பி வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்தினார்.

மூன்றாம் நாள் சுபைதா ராத்தா உன் வீட்டுக்கு வந்தார். நான் கணினிக்கு முன்னால் இருந்தேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குத் தாங்கக்கூடியதாக இருந்திருக்கும்.

“என்ட கண்ணுக்கு முன்னால அழிச்ச நீ” என்றார். “அழிச்ச குரல் எப்படிகா டிவியில வரும்?”

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். ஒரு தரம்தான். நான் கணினித் திரையைப் பார்த்தேன். அந்த ஒரு பார்வையில் உனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நீ அவரிடம், பிழை என்னுடையதுதான் ராத்தா என்றாய். என் பெயரை எடுக்கவில்லை. அவர் உன் முகத்தைப் பார்த்து, உன் வாசலை இனி மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு நான் அழுதேன். போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வருகிறேன் என்று எழும்பினேன். நீ என் கையைப் பிடித்து இருத்தினாய்.

“இப்ப போகாத. செங்கலடித் தமிழ்ப் புள்ளதான் குடுத்த எண்டு இப்ப வெளிய வந்தா, எரியிறதுல எண்ணெய ஊத்தின மாதிரிப் போயிரும். கொஞ்சம் ஆறட்டும். ஆறினாப் பொறகு நீயாப் போய்ச் சொல்லு. நான் சொல்லமாட்டன்.”

அன்று அது சரியான சொல்லாக இருந்தது. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு எட்டு மாதம் நான் சுகமாக ஒளிந்திருந்தேன். தை போயிற்று, சித்திரை போயிற்று, முகத்துவாரத்துச் சண்டையை எல்லோரும் மறந்தார்கள். சந்தையில் சுபைதா ராத்தாவின் இடத்தில் வேறொருவர் இருந்தார். கொழும்புத் தொலைக்காட்சியில் எனக்கு அந்த மாவட்டச் செய்தியாளர் வேலையும் கிடைத்தது. அதை உன்னிடம் சொன்ன அன்று நீ நல்லதுகா என்றாய், தேநீர் ஊற்றித் தந்தாய். திட்டியிருக்கலாம் நீ.

தோணித்துறையில் ஒருவரும் உன்னோடு கதைக்கவில்லை. தேநீர்க் கடைக்காரர் தாளை மடித்த மடிப்புக் குலையாமல் திருப்பித் தந்தார். ஆனாலும் நீ விடவில்லை. இரண்டு பக்கம் ஒரு பக்கமாகி, ஒரு பக்கம் அரைப் பக்கமானது. கடைசித் தாளில் ஒரு காணாமற்போன ஆடும், தண்ணீர் விடுகிற நேரமும் மட்டும் இருந்தன. அந்த ஆட்டுக்காரரிடமும் நீ போய் வாசித்துக் காட்டியிருக்கிறாய். சீனி வருத்தம் என்கிற நீரிழிவில் காலில் புண் வைத்திருந்ததால் சைக்கிள் மிதிக்க ஏலாமல் நடந்து போயிருக்கிறாய். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த நடைக்குப் பிறகு புண் ஆறவே இல்லை என்று உன் தங்கை சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க நான் மூன்று தடவை வந்தேன். மூன்று தடவையும் நீ ஒரே கேள்விதான் கேட்டாய், சொல்லிவிட்டாயா என்று. மூன்று தடவையும் இந்தக் கிழமை சொல்கிறேன் என்றேன்.

நீ மௌத்தான செய்தி விடியற்காலை வந்தது. பஸ் பிடித்து வந்தேன். மையத்து வீடு நிறையப் பெண்கள். ஒவ்வொருவராக உள்ளே போய் உன் முகம் பார்த்துவிட்டு வந்தார்கள். உன் தங்கை வாசலுக்கு வருகிறவர்களிடமெல்லாம், என் ராத்தா உங்களுக்கு ஏதும் பிழை செய்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அழுதபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அது உங்கள் வழக்கம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவள் கேட்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு உடம்பு கூசியது. சுபைதா ராத்தா வரவில்லை. அவர் வீடு மூன்று ஒழுங்கை தள்ளித்தான். நடந்தால் ஐந்து நிமிடம்.

பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றார்கள். அதற்கு ஐந்து மணித்தியாலம் இருந்தது. நான் போய்ச் சொல்லியிருந்தால் அவர் ஓடி வந்திருப்பார். எழும்பினேன், திரும்பவும் இருந்துவிட்டேன். மையத்து வீட்டில் வைத்து இதைக் கிளறக்கூடாது என்று ஒரு நியாயம் கண்டுபிடித்தேன். அடக்கம் முடியட்டும், அமைதியாகப் போய்ச் சொல்லலாம் என்று இன்னொன்று. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அந்த ஐந்து மணித்தியாலத்தையும் போக விட்டேன். பதிவை அனுப்பியதை ஆசை என்று சொல்லலாம். இதற்கு என்ன பெயர் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. உன்னைச் சந்தூக்கில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்தத் தொலைக்காட்சி வேலையில் நான் எட்டு மாதத்துக்கு மேல் நிற்கவில்லை. நல்ல மனதால் விட்டேன் என்று நினைத்துவிடாதே. வெள்ளமும் தேர்தலும் இல்லாத மாதங்களில் அவர்களுக்கு நான் தேவைப்படவில்லை. இப்போது ஒரு தனியார் வகுப்பில் பிள்ளைகளுக்குத் தட்டச்சுச் சொல்லிக் கொடுக்கிறேன். அந்த எட்டு விநாடி இன்னும் யூடியூபில் இருக்கிறது. எடுக்கச் சொல்லி மூன்று தடவை எழுதினேன். பதில் இல்லை.

முந்தாநாள் போனேன். சுபைதா ராத்தா வீட்டு வாசலில் பாயைப் போட்டு இறால் உடைத்துக்கொண்டிருந்தார். இப்போது சந்தைக்குப் போவதில்லை, உடைத்துக் கொடுத்தால் ஆட்கள் வந்து எடுத்துப் போகிறார்களாம். என்னை அடையாளம் கண்டு, வா மகள் இரு என்றார். அந்த ‘மகள்’ என்ற சொல்லோடேயே திரும்பிப் போயிருப்பேன். போகவில்லை. பாயின் ஓரத்தில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். பிரதி என்னிடம் இருந்ததை, உடுப்புக் காயப்போட்ட பின்னேரத்தை, நீ என்னைத் திரும்பிப் பார்த்ததை, பிழை என்னுடையது என்று நீ சொன்னதை, எட்டு மாதத்தை, ஐந்து மணித்தியாலத்தை. ஒன்றையும் எனக்குச் சாதகமாகத் திருப்பவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அவர் இறால் உடைப்பதை நிறுத்தவில்லை. தலையைக் கிள்ளுவதும் ஓட்டைக் கழற்றுவதுமாக விரல்கள் அதுபாட்டில் நடந்தன. நான் முடித்த பிறகும் நாலைந்து இறாலை உடைத்தார். பிறகு கையைப் பாயிலேயே வைத்துவிட்டார்.

“அண்டைக்கு நான் ஊட்டுக்குள்ளதான் இருந்தன்” என்றார். “மையத்து இந்த ஒழுங்கையாலதான் போன. சத்தம் கேட்டிச்சி. எழும்பிக் கதவச் சாத்தின நான்.”

நான் அவர் காலைத் தொடப் போனேன். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

“உன்ன மன்னிக்கிறது எனக்கு லேசுகா. நீ வந்து கேட்டுட்டாய், நான் குடுத்துட்டன், போ. நான் ஆருக்கிட்டப் போய்க் கேக்கிற?”

சொன்னால் பாரம் இறங்கும் என்று நினைத்துத்தான் போனேன். ஒரு பாவமும் செய்யாத பெண்ணின் தலையில் அதைத் தூக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். உன்மேல் வைத்திருந்த கோபம் அவருக்கு ஒரு பிடிமானமாக இருந்தது. அதையும் பறித்துவிட்டேன். சொல்லாமல் விட்டிருக்கலாமோ என்று வரும் வழி முழுக்க யோசித்தேன். உன் பெயர் அவர் வாயில் கெட்ட பெயராகவே கிடந்து போகட்டும் என்று விடவும் முடியாது. சொன்னதும் பிழை, சொல்லாததும் பிழை என்கிற இடத்துக்கு என்னைக் கொண்டு வந்தது நானேதான். அந்த ஐந்து மணித்தியாலத்துக்குள் சொல்லியிருந்தால் இரண்டும் பிழையாகியிருக்காது.

நேற்று உன் தங்கையிடமிருந்து தொலைபேசி வந்தது. சுபைதா ராத்தா காலையில் வந்து, உன் முன்னறை வாசலிலேயே நின்றுவிட்டுப் போனாராம். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லையாம். என்ன விஷயம் என்று தங்கை என்னைக் கேட்டாள். அவளுக்கும் சொல்லவேண்டும். நாளைக்குப் போகிறேன்.

எனக்காக உன்னிடம் நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை. கேட்கக்கூடிய நாளெல்லாம் நீ எனக்குத் தந்தாய், நான்தான் எடுக்கவில்லை. ஆனால் சுபைதா ராத்தாவுக்கு உன்னிடம் வர வழியில்லை. அவரை மன்னித்துவிடு. அன்று அவர் சாத்திய கதவு என்னால் சாத்தப்பட்டது.